தையற்பொறி கண்ட எலியாஸ் ஹோ

நவராத்திரியின் நிறைவில், ஆயுத பூசையன்று, மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலுஞ் சரி, படுவான்கரையிலுஞ் சரி, நம்மவர் இல்லங்களிற் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. கலைமகள் திருவுருவின் முன் ஏடுகளும் எழுதுகோல்களும் அடுக்கப்பட்டிருக்கும். வேளாண்மை செய்வோர் மண்வெட்டியையுங் கத்தியையுங் கழுவி வைத்திருப்பர். சீதன வீட்டின் மூலையில் ஆண்டு முழுவதும் ஓயாது ஓடிய தையற்பொறியும் அன்று துடைக்கப்பெற்று, எண்ணெயிடப்பெற்று, சந்தனமுங் குங்குமமும் அணிந்து நிற்கும். அன்று அது தைக்காது, பூசை பெறும்.

இப்பொறியை நமக்கு ஆக்கித் தந்தவர் யார் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டால், பெரும்பாலோர் சிங்கர் என்றே விடையிறுப்பர். அவர்கள் மீது பிழையில்லை. பொறியின் கரிய உடலிற் பொன்னெழுத்திற் பொறிக்கப்பட்டிருப்பது அந்தப் பெயரே. சிங்கர் கும்பனி இலங்கைக்கு வந்தது 1877ஆம் ஆண்டில். அதன் பின் நான்கைந்து தலைமுறை அப்பெயரைச் சொல்லியே வளர்ந்துவிட்டது. மகாத்மா காந்தியடிகளும் அவ்வாறே எண்ணினார். இயந்திரங்களைப் பற்றி 1924ஆம் ஆண்டில் இராமச்சந்திரன் என்னும் மாணவர் அவரிடம் வினவியபோது, எல்லா இயந்திரங்களையும் தாம் வெறுப்பதில்லை என்றும், சிங்கர் தையற்பொறி தாம் விலக்களிக்கும் ஒன்று என்றும் அடிகள் கூறினார். தம் மனைவி கையால் தைத்துத் தைத்துத் துன்புறுவதைக் கண்ட சிங்கர், அவள்மீது கொண்ட அன்பினாலேயே அப்பொறியை ஆக்கினார் என்பது அடிகள் காட்டிய காரணம்.

அன்பினாற் பிறந்த இயந்திரம் என்ற கருத்து உண்மை. பெயர்தான் மாறிவிட்டது. மனைவி தைப்பதைக் கண்டு நெஞ்சு நொந்தவர் சிங்கர் அல்லர். எலியாஸ் ஹோ என்னும் ஏழைத் தொழிலாளி. அவருக்கும் சிங்கருக்குமிடையே நடந்த வழக்கினாலேயே அவர் பெயர் நூல்களில் நிலைத்தது. அவ்வழக்கில் நடுவே நின்ற மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவரையும் மறவாமல் இவ்வரலாற்றைக் கூற முற்படுகின்றோம். மேல்நாட்டார் ஒருவரின் சரிதை இந்து வாலிபர் மலரில் எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். காரைதீவிற் பிறந்து, இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்று, பின்னர்த் துறவு பூண்ட விபுலானந்த அடிகளார் வாழ்ந்த மண்ணில் அவ்வினாவுக்கு நாம் விடை கூறவேண்டியதில்லை.

எலியாஸ் ஹோ 1819ஆம் ஆண்டு யூலை மாதம் 9ஆம் நாள் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பென்சர் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையாருக்கு வயலும் ஆலையும் உண்டு. ஆயினும் எட்டுப் பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஆறு வயதிலேயே, பஞ்சு சிக்கெடுக்கும் அட்டைகளிற் கம்பிப் பற்களைப் பதிக்கும் வேலை அவர் கைக்கு வந்தது. பிறவியிலேயே ஒரு கால் சற்று ஊனம். உடல் வலிமையுங் குறைவு. வயல் வேலை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1835ஆம் ஆண்டில், பதினாறு வயதில், நெசவாலைகள் நிறைந்த லோவெல் நகருக்குச் சென்று நெசவுப் பொறிகள் ஆக்கும் பட்டறையொன்றிற் சேர்ந்தார். இரண்டாண்டில் நாடெங்கும் வணிகம் வீழ்ச்சியுற, ஆலைகள் மூடப்பட்டன. கேம்பிறிட்ஜுக்கும் பின்னர் பொஸ்டன் நகருக்கும் போனார். பொஸ்டனில் அவருக்கு வேலை கொடுத்தவர் ஆரி டேவிஸ் என்பவர். கப்பலோட்டிகளுக்குரிய கடிகாரங்களும் நுண்கருவிகளுஞ் செய்பவர்.

அப்பட்டறையிலேதான் விதை விழுந்தது. பின்னற்பொறி ஒன்றைச் செய்ய முயன்ற ஒருவர் டேவிஸிடம் ஆலோசனை கேட்க வந்தார். பின்னற்பொறியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும், தைக்கும் பொறியொன்றைச் செய்தால் என்ன என்று பேச்சு வளர்ந்தது. அப்படியொன்றைச் செய்பவன் பெருஞ் செல்வனாவான் என்று வந்தவர் சொல்லிச் சென்றார். மூலையில் நின்று வேலை செய்துகொண்டிருந்த இருபது வயது இளைஞர் அதனைக் கேட்டார். கேட்டதை மறக்கவில்லை.

1841ஆம் ஆண்டு அவர் எலிசபெத் என்னும் நங்கையை மணந்தார். வாரத்திற்கு 9 டொலர் கூலி. மூன்று பிள்ளைகள் பிறந்தன. நாள் முழுவதும் நின்று வேலை செய்து வீடு திரும்பியதும், உண்ணவும் இயலாத களைப்பிற் படுக்கையில் வீழ்வார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பற்றாக்குறையை நிரப்ப எலிசபெத் அயலாரின் துணிகளை வாங்கித் தைத்துக் கொடுத்தார். விளக்கொளியில் அவ்வம்மையாரின் கை மேலுங் கீழும் போய் வருவதைப் படுத்தபடியே பார்த்திருப்பார் கணவர். அந்தக் கையின் அசைவை இரும்பிற் செய்துவிட முடியாதா என்பதே அவர் இராப்பகலாய் எண்ணியது.

அங்கேதான் அவர் முதலில் வழுக்கினார். கை செய்வதையே பொறியுஞ் செய்யவேண்டும் என்று கருதி, இருபுறமுங் கூராயும் நடுவிற் காதுடையதாயும் ஓர் ஊசியைச் செய்து, அது துணியினூடே போய்த் திரும்பி வருமாறு அமைத்துப் பார்த்தார். ஓராண்டு வீணாயிற்று. 1844ஆம் ஆண்டளவில் அவருக்கு வேறொரு நினைவு வந்தது: கை தைக்கும் விதமாய்ப் பொறி தைக்கவேண்டும் என்று எங்கே விதி? லோவெல் ஆலைகளில் அவர் நாள்தோறும் பார்த்த நெசவுத் தறியின் நாடா அவர் மனத்தில் ஓடியது. ஊசியின் காதைப் பிற்பக்கத்திலிருந்து எடுத்துக் கூர்முனையருகில் வைத்தார். ஊசி நூலொன்றைத் துணியினூடே கொண்டுபோகும். திரும்பும்போது அந்நூல் அப்பக்கத்திற் சிறு வளையமாய்த் தொங்கும். அவ்வளையத்தினூடே நாடா இரண்டாவது நூலைக் கொண்டு ஓடும். இரண்டும் துணியின் நடுவே ஒன்றையொன்று கோத்துப் பூட்டிக்கொள்ளும். மருதமுனையிலே தறியில் அமர்ந்த கைகளுக்கு இதனை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஒரு நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் உருவி வராது. காதில்லாத ஊசியைக் கண்டு பட்டினத்தடிகள் துறவு பூண்டார் என்பர் நம்மவர். காதிடம் மாறிய ஊசியினாலே உலகம் ஆடை பூண்டது என்று நாம் சொல்லலாம். காட்டு மனிதர் ஓட்டையிட்ட ஈட்டிகளுடன் தம்மைச் சூழ்ந்ததாக ஹோ கனாக் கண்டார் என்றும், அதிலிருந்தே ஊசியின் அமைப்பு உதித்தது என்றும் ஒரு கதை உலவுகின்றது. கேட்க நன்றாயிருக்கின்றது. தறியோடு பழகிய தொழிலாளிக்குக் கனவு வேண்டியதில்லை என்பது எமது எண்ணம்.

எண்ணம் வந்தது; இரும்பு வாங்கக் காசில்லை. பள்ளித் தோழரான ஜோர்ஜ் ஃபிஷர் என்னும் விறகு, நிலக்கரி வியாபாரி கைகொடுத்தார். ஹோவின் குடும்பத்தைத் தம் வீட்டில் வைத்து உணவளிப்பது, 500 டொலர் முன்பணம் தருவது, பயன் வந்தாற் பாதிப் பங்கு பெறுவது என்பது உடன்பாடு. வீட்டு மேன்மாடத்திற் பட்டறை அமைந்தது. 1845ஆம் ஆண்டு ஏப்ரலில் பொறி முதன்முதல் ஒரு தையலைத் தைத்தது. யூலையில் இரண்டு கம்பளி உடைத் தொகுதிகளின் தையல் முழுவதையும் தைத்து முடித்தது. ஒன்று ஃபிஷருக்கு, மற்றது ஹோவுக்கு. பொஸ்டனிலுள்ள பெரிய உடைச் சாலையொன்றில் அவர் பொறியோடு அமர, மிக விரைவாகத் தைக்கும் ஐந்து பெண்கள் எதிரே அமர்ந்தனர். அவர்களுக்கு ஆளுக்கொரு தையல், பொறிக்கு ஐந்து தையல் எனப் போட்டி நடந்தது. பொறியே முதலில் முடித்தது. கை நிமிடத்திற்கு 30, 40 தையல் இடும். அப்பொறி 250 இட்டது.

வியந்தனர், வாங்கவில்லை. ஒரு பொறியின் விலை 300 டொலர். தையற்காரர் தம் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சினர். அவ்வச்சம் பொய்யன்று. பிரான்சு நாட்டிலே திமோனியே என்னுந் தையற்காரர் 1830ஆம் ஆண்டில் உரிமை பெற்று, படைவீரரின் உடை தைக்க எண்பது பொறிகள் வரை நிறுவியிருந்தார். பாரிசுத் தையற்காரர் கூட்டமாய்ப் புகுந்து அவற்றை உடைத்தெறிந்தனர். அவர் வறுமையிலேயே இறந்தார்.

1846ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் நாள் அமெரிக்க அரசு ஹோவுக்கு 4750ஆம் இலக்க ஆக்கவுரிமையை வழங்கியது. இது யாதென்று இளைஞர் தெளிவாய் அறிதல் நன்று. கண்டுபிடித்தவன் தன் இரகசியத்தை ஒளியாமல், வரைபடத்தோடு எழுதி அரசிடம் ஒப்படைக்கின்றான். அதற்குக் கைம்மாறாக, குறித்த காலத்திற்கு அவன் அனுமதியின்றி வேறொருவர் அப்பொருளைச் செய்யலாகாது என்று அரசு காவல் கொடுக்கின்றது. காலம் முடிந்ததும் அது யாவர்க்கும் பொதுவாகின்றது. அந்நாளில் அமெரிக்காவில் அக்காலம் 14 ஆண்டு. இன்று நம் நாட்டில், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, 20 ஆண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: பொருள் புதியதாய் இருக்கவேண்டும். முன்னரே வேறொருவர் செய்தார் என்று காட்டிவிட்டால் உரிமைப் பத்திரம் வெறுங் கடதாசியே.

ஹோவின் பத்திரம் அப்போது கடதாசியாகவே கிடந்தது. ஃபிஷர் ஏறக்குறைய 2000 டொலர் செலவிட்டுச் சலித்து ஒதுங்கினார். ஹோ சில காலம் புகையிரதம் ஓட்டிப் பார்த்தார், உடல் தாங்கவில்லை. தமையனார் அமாசா பொறியொன்றை இலண்டனுக்குக் கொண்டு சென்று, பெண்களின் இடைக்கச்சு உடைகள் செய்விக்கும் வில்லியம் தோமஸ் என்பவருக்கு 250 பவுணுக்கு விற்றார். இங்கிலாந்தில் அப்பொறிக்குரிய உரிமையைத் தோமஸ் தம் பெயரிலேயே பதிந்துகொண்டார். விற்கும் ஒவ்வொரு பொறிக்கும் 3 பவுண் தருவதாக அவர் வாய்ச்சொல் கொடுத்தார் என்பது ஹோவின் தரப்பு. எழுத்தில் எதுவும் இல்லை. தோமஸ் அழைக்க, வாரம் 3 பவுண் சம்பளத்திற்கு ஹோவும் 1847ஆம் ஆண்டு கடல் கடந்தார். மனைவி மக்களும் பின் சென்றனர். எட்டு மாதத்திற் பிணக்கு மூண்டு வேலை போயிற்று. அந்நிய நகரில் அடுப்பெரிக்கவும் வழியில்லை. எஞ்சிய பணத்தில் குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார். 50 பவுண் பெறுமதியான பொறியொன்றை 5 பவுணுக்கு விற்றார். முதற் பொறியையும் உரிமைப் பத்திரத்தையும் அடகு வைத்தே கப்பலேறினார். 1849ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயோர்க்கில் இறங்கியபோது அவர் சட்டைப் பையில் இருந்தது அரைக் கிரவுண் நாணயம் ஒன்று.

நியூயோர்க்கில் அவரை எதிர்கொண்ட செய்தி, எலிசபெத் சயரோகத்தால் இறக்குந் தறுவாயில் இருக்கிறார் என்பது. கேம்பிறிட்ஜுக்குப் போகப் பயணக் கூலி இல்லை. தந்தையார் 10 டொலர் அனுப்பும்வரை காத்திருந்து போனார். உயிர் பிரியுமுன் முகம் பார்க்க மட்டுமே காலம் இருந்தது. அடக்கத்திற்கு அணிய நல்லுடை இன்றி, மைத்துனரிடம் இரவல் வாங்கி அணிந்தார். எந்தக் கைகளின் துன்பத்தைத் தீர்க்கப் பொறி செய்தாரோ, அந்தக் கைகள் அப்பொறியாற் கடுகளவு சுகமும் காணாமலே ஓய்ந்துவிட்டன. வீட்டுச் சாமான்களை ஏற்றி வந்த கப்பலும் கரை சேராமல் அழிந்த செய்தி சில நாளில் வந்தது.

இதற்கிடையே, அவர் இல்லாத காலத்தில், அமெரிக்காவிற் பலர் தையற்பொறி செய்து விற்கத் தொடங்கியிருந்தனர். எல்லாவற்றிலும் கூர்முனையிற் காதுடைய ஊசி; பலவற்றில் நாடா. ஒருவரும் ஹோவுக்கு ஒரு சதமுங் கொடுக்கவில்லை. ஊர் சந்தைகளிற் பொறியைக் காட்சிப் பொருளாக்கிச் சீட்டு விற்றோரும் உண்டு. ஹோ வழக்குத் தொடரத் துணிந்தார். ஃபிஷரின் பாதிப் பங்கை விலைக்கு வாங்கிய ஜோர்ஜ் பிளிஸ் என்பவர் செலவுக்குப் பணம் தந்தார். அதற்கு ஈடாக ஹோவின் தந்தையார் தம் நிலத்தையே வைத்தார். இலண்டனில் அடகிற் கிடந்த பொறியும் பத்திரமும் மீட்கப்பட்டன.

எதிரிகளுள் வலியவர் ஐசாக் சிங்கர். 1811ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஊரூராய்த் திரிந்து நாடகம் ஆடியவர். அதே வேளை பொறி வேலையில் மதிநுட்பம் மிக்கவர். 1850ஆம் ஆண்டில், பொஸ்டன் பட்டறையொன்றிற் பழுது பார்க்க வந்த தையற்பொறியைக் கண்டு, பதினொரு நாளில் அதனினுஞ் சிறந்த ஒன்றை அமைத்தார். ஹோவின் பொறியில் ஊசி வளைந்தது. துணி முட்கள் பொருந்திய தட்டிற் செங்குத்தாய்த் தொங்கும். தட்டின் நீளம் முடிந்ததும் நிறுத்தி மீண்டும் மாட்டவேண்டும். சிங்கர் ஊசியை நேராக்கி மேலிருந்து கீழே இறங்கச் செய்தார். துணியை மேசைமேற் கிடத்தினார். அதனை அமுக்கும் பாதத்தையும் கால்மிதியையும் சேர்த்தார். நம் வீட்டுப் பொறியின் வடிவம் பெரும்பாலும் அவர் தந்ததே. இதனை ஒப்புக்கொள்ளாமல் ஹோவை மட்டும் புகழ்வது நேர்மையன்று. துணியைத் தானாய் முன் நகர்த்தும் பற்களும், நாடாவுக்குப் பதிலாய்ச் சுழலும் கொக்கியும் அலன் வில்சன் என்னும் வேறொருவரின் ஆக்கம். ஆயினும் எவர் எதைச் சேர்த்தாலும், ஊசியின் காதும் இரண்டாம் நூலும் ஹோவின் பத்திரத்துள் அடங்கியவை.

ஹோ 25,000 டொலர் கேட்டார். சிங்கர் மறுத்தார். அவருடைய கூட்டாளியும் சட்டத்தரணியுமான எட்வேட் கிளாக் ஒரே வழியைக் கண்டார்: ஹோவுக்கு முன்னரே இதனைச் செய்த ஒருவரைத் தேடிப் பிடித்தாற் பத்திரம் செல்லாது. தேடினர், பிடித்தும் விட்டனர். அவர்தாம் நாம் முன்னர்க் குறித்த மூன்றாமவர், வோல்ற்றர் ஹன்ற்.

1796ஆம் ஆண்டிற் பிறந்த ஹன்ற் அபூர்வமான மனிதர். புதிது புதிதாய் ஆக்குவார். அற்ப விலைக்கு விற்றுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். குழந்தையின் அரைத்துணியில் நம் தாய்மார் குத்தும் ஊக்கை 1849ஆம் ஆண்டில் ஆக்கியவர் அவரே. அதன் உரிமையை 400 டொலருக்கு விற்றார். 1833, 1834ஆம் ஆண்டளவில், ஹோ பள்ளிச் சிறுவனாயிருந்த காலத்தில், நியூயோர்க்கில் இவர் தையற்பொறி ஒன்றைச் செய்திருந்தார். கூர்முனையிற் காது, நாடா, இரு நூல் கோத்த தையல் யாவும் அதில் இருந்தன. ஆனால் அவர் அதற்கு உரிமை கோரவில்லை. பொறியைக் கொண்டு இடைக்கச்சுத் தொழில் நடத்தலாம் என்று 1838ஆம் ஆண்டளவில் தம் இளமகள் கரோலினிடம் சொன்னபோது, தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்கள் கஞ்சிக்கு என் செய்வர் என்று அப்பெண் தயங்கினாள். தந்தையார் அம்முயற்சியைக் கைவிட்டார்.

அப்பெண்ணின் தயக்கத்தை நாம் இலேசாய்த் தள்ளிவிட மாட்டோம். போரினாலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையினாலும் துணையிழந்த நம் சகோதரியர் எத்தனை பேர் ஒரு தையற்பொறியை நம்பிப் பிள்ளைகளை வளர்த்தனர் என்பதை இக்கரையிலுள்ளோர் அறிவோம். கரோலின் எந்தக் கூட்டத்தாரின் வாயிலே மண் விழும் என்று அஞ்சினாளோ, அக்கூட்டத்தாருக்கே அப்பொறி பின்னாளிற் சோறு போட்டது. ஆனால் முதல் தலைமுறையில் அவள் அஞ்சியதும் நடவாமலில்லை. கையால் தைத்த பலர் கூலி குறைந்து வாடினர் என்பதும் உண்மையே.

சிங்கரின் தூண்டுதலால், பழைய பொறியின் துருவேறிய துண்டுகள் தேடி எடுக்கப்பட்டன. ஹன்ற் அவற்றைக் கொண்டு பொறியை மீண்டும் அமைத்தார். 1853ஆம் ஆண்டில் தமக்கே உரிமை வேண்டுமென விண்ணப்பித்தார். செய்தித் தாள்களில் இரு கட்சியாரும் விளம்பரப் போர் நடத்தினர். ஹோவின் உரிமை உயிரோடு இருக்குமா என்பது ஐயமாயிற்று. தந்தையாரின் நிலம், எட்டாண்டு வறுமை, மனைவியின் மரணம் யாவும் ஒரு துருப்பிடித்த இரும்புத் துண்டின் முன் தராசில் ஏறி நின்றன.

1854ஆம் ஆண்டு மே மாதம் ஆக்கவுரிமை ஆணையாளர் சாள்ஸ் மேசன் தீர்ப்புக் கூறினார். கண்டுபிடிப்பில் முந்தியவர் ஹன்ற் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் தம் பொறியைப் பிறர் கையில் விற்றுவிட்டு, ஆண்டுக்கணக்காய் வாளாவிருந்து, மற்றொருவர் பாடுபட்டு அதனை உலகறியச் செய்த பின் எழுந்து வந்து உரிமை கேட்பது சட்டத்திற்கு ஏற்காது என்று விண்ணப்பத்தைத் தள்ளினார். அதே ஆண்டு மசாசூசெற்ஸ் நீதிமன்றில், ஹோ வேறொரு வணிகர்மீது தொடுத்த வழக்கில், நீதியரசர் ஸ்பிறேக் இதனை மேலும் ஆராய்ந்தார். ஹன்ற் செய்தது முற்றுப்பெறாத சோதனை, சோதனையாகவே கைவிடப்பட்டது, பொதுமக்கள் பெற்ற நன்மைக்கு ஹோவுக்கே கடன்பட்டுள்ளனர் என்று கண்டு, ஹோவின் உரிமை செல்லும் எனத் தீர்த்தார்.

இத்தீர்ப்பைப் பற்றி நாம் பலமுறை தம்முள் வாதித்ததுண்டு. முதலில் நினைத்தவனுக்கன்றோ பெருமை என்று எம்மில் இளையோர் கூறுவர். மூத்தோர் சிலர், இரக்கத்தாற் கைவிட்டவனைச் சட்டம் தண்டித்ததே என்று வருந்துவர். எமக்குப் படுவது இது: நீதிமன்றம் ஹன்றின் அறிவையோ இரக்கத்தையோ அளக்கவில்லை. பெட்டியிற் பூட்டி வைத்த விளக்கு எவ்வளவு முந்தியதாயினும் தெருவுக்கு ஒளி தரவில்லை என்பதே அது கண்டது. தோமஸ் செயின்ற் என்னும் ஆங்கிலேயர் 1790ஆம் ஆண்டிலேயே தையற்பொறிக்கு உரிமை பெற்றிருந்தார். அதன் வரைபடம் வேறு தலைப்பின் கீழ்ப் பதிந்து கிடந்து, ஹோவும் இறந்த பின்னர் 1870களிலேதான் வெளிப்பட்டது. அது வழக்கு நடந்த நாளில் வெளிப்பட்டிருப்பின் இன்னும் எத்தனை சட்டத்தரணிகள் பிழைத்திருப்பரோ!

அதே 1854ஆம் ஆண்டு யூலையில் சிங்கர் பணிந்தார். 15,000 டொலர் கொடுத்துச் சமரசஞ் செய்து, இனி விற்கும் பொறிகளுக்கு உரிமைப் பணம் தர உடன்பட்டார். ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒவ்வோர் உறுப்பின் உரிமை இருந்தபடியால், எல்லாரும் எல்லார்மீதும் வழக்கிட்டனர். 1856ஆம் ஆண்டு ஓல்பனி நகரில் வழக்குக்காகக் கூடியவர்கள், ஒருவரையொருவர் அழிப்பதை விடுத்து உரிமைகளை ஒன்றாய்த் திரட்டிப் பொதுவில் வாடகைக்கு விட இசைந்தனர். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு பொறிக்கும் ஹோவுக்கு 5 டொலர். வெளிநாடு செல்வதற்கு 1 டொலர். பொறி செய்ய அனுமதி பெறுவோர் இருபத்து நால்வருக்குக் குறையலாகாது என்ற நிபந்தனையை ஹோ வைத்தார். தொழில் ஓரிருவர் கையில் முடங்கக்கூடாது என்பது அதன் பயன். ஆயினும் அக்கூட்டு விலையை உயர்த்தி வைத்தது என்ற குறை அந்நாளிலேயே எழுந்தது. அதுவும் நியாயமான குறையே.

வாரம் 9 டொலர் வாங்கியவருக்கு இப்போது ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் வந்தது. 1860ஆம் ஆண்டில் உரிமை மேலும் ஏழாண்டு நீடிக்கப்பட்டது. பொறி வீடுகளுக்குள் புகுந்தது. கையால் பதினான்கு மணி நேரத்துக்கு மேற் பிடித்த ஆண் சட்டையொன்றைப் பொறி ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்தது என்று அக்காலத்துச் சோதனையொன்று காட்டியது.

செல்வம் அவரைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அதிகாரியாய்ச் சேரக்கூடியவர், கனெற்றிகட் மாநிலத்தின் 17ஆம் படைப்பிரிவிற் சாதாரண வீரராய்ச் சேர்ந்தார். ஊனமான காலோடு அணிவகுத்து நடக்க இயலாமையால், கடிதம் சுமக்கும் வேலையை ஏற்றார். அரசு சம்பளம் கொடுக்கத் தாமதித்தபோது படைப்பிரிவு முழுவதற்கும் உரிய சம்பளத்தைத் தம் பணத்திலிருந்து முன்கூட்டிக் கொடுத்தார். தம் சம்பளத்தையும் மற்றையோர் போலவே வரிசையில் நின்று வாங்கினார் என்பர்.

1867ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சியில் தங்கப் பதக்கமும் பிரெஞ்சு அரசின் விருதும் அவருக்குக் கிடைத்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் ஆக்கவுரிமை முடிவுற்றது. ஊசியின் காது உலகத்தார் யாவர்க்கும் பொதுவாயிற்று. ஒரு மாதமும் நிறையவில்லை. ஒக்டோபர் 3ஆம் நாள், தமது 48ஆம் வயதில், புறூக்ளினில் எலியாஸ் ஹோ காலமானார்.

ஹன்ற் அவருக்கு எட்டாண்டு முன்னரே, 1859ஆம் ஆண்டில் இறந்துவிட்டார். தம் பொறியின் அமைப்புகளுக்காக அவருக்கு 50,000 டொலர் தருவதாகச் சிங்கர் 1858ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டிருந்தார். பணம் கைக்கு வருமுன் உயிர் போயிற்று. இருவருடைய கல்லறைகளும் புறூக்ளினிலுள்ள கிறீன்வூட் என்னும் ஒரே இடுகாட்டிலேயே உள்ளன.